விசைப்படகு விற்பனை ஒப்பந்தம்: பேசி மாற்றிய தவணை நீதிமன்றத்தில் நிற்குமா?

பாம்பன் தென்கடல் (கேள்வி)

வணக்கம். நான் பாம்பனில் மீன்பிடித் தொழில் செய்பவன். சென்ற ஆண்டு ஜனவரியில் மண்டபத்தைச் சேர்ந்த ஒருவரிடம் அவருடைய விசைப்படகை 18 லட்சம் ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டேன். 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் முத்திரையும் பெற்றோம். அன்றே 6 லட்சம் முன்பணம் கொடுத்துப் படகைக் கையில் எடுத்துக்கொண்டேன். மீதி 12 லட்சத்தை மார்ச் 31, மே 31, ஆகஸ்டு 31 ஆகிய தேதிகளில் தலா 4 லட்சமாகக் கட்ட வேண்டும். ஒரு தவணை தவறினாலும் படகைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று ஷரத்து இருக்கிறது. படகை "இருக்கும் நிலையிலேயே பார்த்துத் திருப்திப்பட்டு" வாங்குவதாகவும் ஒரு வரி உண்டு. மீன்வளத்துறைப் பதிவில் பெயர் மாற்றம் முழுத்தொகையும் தீர்ந்த பின் என்று எழுதியிருக்கிறோம்.

மார்ச் தவணையை உரிய நாளில் கட்டிவிட்டேன். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி வேலை பார்த்தபோது, இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் கிராங்க் ஷாஃப்டில் விரிசல் இருப்பதைக் காட்டினார். பழுது நீக்க 3 லட்சம் ஆனது. விற்றவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, பாதிச் செலவு தன்னுடையது என்றும், அந்த ஒன்றரை லட்சத்தைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளுமாறும் மெக்கானிக், படகு ஓட்டுநர் இருவர் முன்னிலையிலும் சொன்னார். மே தவணை பற்றி நான் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: "தடை முடிஞ்சு இறாலு வரட்டும், அப்புறம் குடுங்க தம்பி. நான் எங்க போயிறப் போறேன்."

அவரை நம்பி ஜூலையில் 2 லட்சம், ஆகஸ்டில் 2 லட்சம் என்று அவருடைய வங்கிக் கணக்கில் போட்டேன். அப்போது அவர் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. ஆகஸ்டு இறுதியில் இன்ஜின் பணத்தைக் கழித்து இரண்டரை லட்சத்தைக் கொண்டுபோய், கணக்குத் தீர்ந்தது என்று எழுதிக் கொடுக்கக் கேட்டேன். கழிவு எதையும் தான் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது, இப்போது நீதிமன்றச் சம்மனும் வந்திருக்கிறது. மே 31 தவணையை நான் தவறவிட்டதால் படகைத் திருப்பித் தர வேண்டும், 6 லட்சம் தனக்கே சேரும், மற்ற 8 லட்சத்தில் படகை ஓட்டியதற்கான வாடகையைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் தருவதாகப் பிராதில் கேட்டிருக்கிறார். வழக்கு முடியும்வரை படகைக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று இடைக்கால மனுவும் போட்டிருக்கிறார். ஆறு குடும்பங்கள் இந்தப் படகை நம்பி இருக்கின்றன.

எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சால் மாற்ற முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதானா?

ராமநாதபுரம் வழக்கறிஞர்

எல்லோரும் சொல்வது பாதி உண்மைதான், உங்கள் வழக்கில் மற்றப் பாதிதான் முக்கியம். ஆதாரங்களைப் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது என்றாலும், எதிர்வழக்குரை (பிராதுக்கு நீங்கள் தரும் எழுத்துப் பதில்) எழுதும்முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 62-ஆம் பிரிவில், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஓர் ஒப்பந்தத்தை மாற்றினால் பழைய ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தேவையில்லை என்கிறது. 63-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், வாக்குறுதியைப் பெற வேண்டியவர் அதை முழுவதுமாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம், அதற்கான கால அவகாசத்தை நீட்டலாம் என்கிறது. எழுத்து ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்மொழிச் சாட்சியத்தைத் தடுக்கும் விதி பழைய சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 95-ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவிலேயே, எழுத்து ஒப்பந்தத்துக்குப் பிந்திய தனியான வாய்மொழி உடன்பாட்டின் மூலம் அதை மாற்றியதை நிரூபிக்கலாம் என்ற விலக்கும் உண்டு. சட்டப்படி எழுத்தில் இருந்தே ஆக வேண்டிய ஒப்பந்தத்துக்கும், பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்துக்கும் மட்டும் அந்த விலக்குப் பொருந்தாது. நோட்டரி முத்திரை வேறு, சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யும் பதிவு வேறு. நோட்டரி முத்திரை குத்திவிட்டதால் பத்திரம் பதிவாகிவிட்டது என்று நம் கடற்கரை ஊர்களில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே பிந்திய பேச்சைச் சொல்லவும் நிரூபிக்கவும் உங்களுக்கு வழி திறந்தே இருக்கிறது.

அடுத்து நிரூபணம். இங்கே 1958-இல் உச்ச நீதிமன்றம் கேசவ்லால் லல்லுபாய் படேல் வழக்கில் சொன்னதை உங்கள் வழக்கறிஞர் கட்டாயம் படிக்க வேண்டும். துணிப் பேல்கள் விற்பனை தொடர்பான வழக்கு அது. அவகாச நீட்டிப்புக்கான உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்மொழியாலும் நடத்தையாலும்கூட அதை நிரூபிக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஒரு தரப்பு தானாகவே நேரத்தை நீட்டிக்கொள்ள முடியாது, மறுதரப்பின் சம்மதம் வேண்டும். பேல்களை விற்ற ஆலை தன் கடிதத்தில் "வழக்கமான நிலை திரும்பும் வரை" அவகாசம் நீள்வதாக எழுதியிருந்தது, அது எந்த நாள் என்று திட்டமாகச் சொல்ல முடியாததால் நீதிமன்றம் அதைத் தெளிவான உடன்பாடாகக் கொள்ளவில்லை.

இப்போது உங்கள் குரல் பதிவைப் பாருங்கள். "தடை முடிஞ்சு" என்ற பகுதி திட்டமானது, ஏனெனில் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பது அரசு அறிவிப்பு. "இறாலு வரட்டும்" என்பதற்குத் தேதி கிடையாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அந்த ஓட்டையை அடைப்பவை ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அவர் வாங்கிக்கொண்ட 4 லட்சமும் அப்போது அவர் காத்த மௌனமும்தான். மே 31 தவறியதும் ஒப்பந்தம் முறிந்தது என்று அவர் உண்மையில் கருதியிருந்தால், அதே தவணைக்கான பணத்தை இரண்டு முறை பெற்றுக்கொண்டிருக்க மாட்டார். வங்கிக் கணக்கு விவரத்தை முதல் ஆவணமாக வையுங்கள்.

இதோடு, படகு அசையும் பொருள் என்பதால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் பொருந்தும். அதன் 11-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தின் வாசகம் வேறு எண்ணத்தைக் காட்டாத வரையில், பணம் செலுத்தும் காலத்தை ஒப்பந்தத்தின் உயிர்நாடியாகக் கருத முடியாது. உங்கள் ஷரத்தில் தவணை தவறினால் படகு திரும்ப வேண்டும் என்று இருப்பதால், வேறு எண்ணம் இருந்தது என்று அவர் வாதிடுவார். அப்படியே வைத்துக்கொண்டாலும், பிறகு அவரே அந்த நாளைத் தளர்த்தினார் என்பதுதான் உங்கள் பதிலாக இருக்க வேண்டும்.

படகின் உடைமை, அதாவது சட்டப்படியான உரிமை, யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, ஒப்படைக்கத் தயாராக உள்ள குறிப்பிட்ட பொருளை நிபந்தனையின்றி விற்றால், பணம் பின்னால் வந்தாலும் ஒப்பந்தம் ஆன அன்றே உடைமை மாறிவிடும். அப்படியானால் அவர் பாக்கி விலையைக் கேட்டு வழக்குப் போடலாம், படகைக் கேட்பது கடினம். ஆனால் முழுத்தொகை வரும்வரை உடைமை தன்னிடமே என்று ஒப்பந்தம் சொன்னால் நிலைமை மாறும். துறைப் பதிவில் பெயர் மாற்றுவதைத் தள்ளிவைத்தது உடைமையைத் தள்ளிவைத்ததாக ஆகுமா என்பது வாசகத்தைப் பொறுத்தது. அந்தப் பத்தியை வரிக்கு வரி படித்துப் பாருங்கள்.

முன்பணப் பறிமுதல் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். ஷரத்தில் எழுதிவிட்டால் மட்டும் பறிமுதல் செல்லாது, ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. 1963-இல் பதே சந்த் வழக்கிலும் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. விலையில் மூன்றில் ஒரு பங்கான 6 லட்சம் வெறும் அச்சாரமா, விலையின் ஒரு பகுதியா என்பதையும் எழுப்புங்கள்.

சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டி 90 நாள் வரை நீட்டிப்புக் கேட்கலாம் என்றாலும், அதை நம்பி உட்கார வேண்டாம்.

மண்டபம் கரைவலை

நான் இரண்டு படகுகளை விற்றவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தவணை தள்ளிப்போனதைக் காட்டக் குரல் பதிவும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தவணையைத் தள்ளிவைக்கச் சம்மதித்தவர் விலையைக் குறைக்கவும் சம்மதித்தார் என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. பார்த்துத் திருப்திப்பட்டு வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டவர், மூன்று மாதம் படகை ஓட்டிய பின் இன்ஜினில் விரிசல் என்று சொன்னால், அந்த விரிசல் எப்போது வந்தது என்று விற்றவர் கேட்கத்தான் செய்வார். விற்றவருக்கும் கடன் இருந்திருக்கும். தடைக்கால நிவாரணமாகக் கிடைக்கும் 8,000 ரூபாய் யாருடைய வீட்டுக்கும் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கஷ்டம் அவருக்கும் சேர்த்துத்தான்.

ராமநாதபுரம் வழக்கறிஞர்

நண்பர் சொன்னது மிகச் சரியான கூர்மையான கேள்வி, வழக்கே இதில்தான் நிற்கப்போகிறது. கேள்வி கேட்டவர் இரண்டு மாற்றங்களையும் ஒரே கதையாகச் சொல்லக் கூடாது. தவணை நீட்டிப்பு ஓர் உடன்பாடு, ஒன்றரை லட்சக் கழிவு வேறோர் உடன்பாடு. எதிர்வழக்குரையில் இவற்றைத் தனித்தனிப் பத்திகளாக, எந்த நாளில், எந்த இடத்தில், யார் முன்னிலையில், என்ன வார்த்தைகளில் என்று எழுதுங்கள். வழக்குரையில் சொல்லாத ஒன்றைப் பின்னால் சாட்சி வைத்து நிரூபிக்க நீதிமன்றம் விடாது. இரண்டையும் கலந்து எழுதினால், கழிவு நிரூபணமாகாதபோது அதன் சந்தேகம் தவணை நீட்டிப்பின் மேலும் விழுந்துவிடும்.

கழிவுக்கு இன்ஜின் பழுது என்ற காரணத்தை மட்டும் நம்ப வேண்டாம். தர உறுதி மீறப்பட்டிருந்தால் விலையில் குறைத்துக் கேட்க சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தருகிறது என்றாலும், "பார்த்துத் திருப்திப்பட்டு" என்ற வரி அந்த வழியைக் குறுக்கிவிடும். உங்கள் பலம், பழுதைப் பார்த்த பிறகு அவர் சொன்ன சொல். அது 63-ஆம் பிரிவின்படி விலையின் ஒரு பகுதியை அவரே விட்டுக்கொடுத்தது ஆகும். அதற்கு மெக்கானிக்கும் ஓட்டுநரும் தனித்தனியாகச் சாட்சி சொல்ல வேண்டும். ஓட்டுநர் உங்களிடம் பங்கு வாங்குபவர் என்பதால், குறுக்கு விசாரணையில் அவருடைய சொல்லுக்கு எடை குறையும். மெக்கானிக் யாருக்கும் கட்டுப்படாதவர். அவருடைய பில்லில் தேதியும் படகின் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

நீங்கள் செய்ததில் ஒன்று எனக்குக் கவலையளிக்கிறது. இரண்டரை லட்சத்தைக் கொடுக்கப்போனபோது, கணக்குத் தீர்ந்தது என்று எழுதித் தரக் கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, கொடுக்க முன்வருவது நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே பணம் தர நான் தயாராக இருந்தேன், அவர்தான் மறுத்தார் என்ற வாதம் முழுமையாக நிற்காது. இதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி பாக்கியான இரண்டரை லட்சத்தை நீதிமன்றத்தில் வைப்பீடு செய்ய அனுமதி கேட்டு மனுப் போடுங்கள். தகராறில் உள்ள ஒன்றரை லட்சத்துக்கும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுப் பிணை தரத் தயார் என்று சொன்னால், படகைக் கட்டிப்போடும் இடைக்கால மனுவின் வேகம் குறையும். நம் பகுதியில் வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன, கட்டிக்கிடக்கும் படகு உப்புக்காற்றில் கெட்டுப்போகும், அதனால் இருவருக்குமே நஷ்டம் என்பதை எதிர்மனுவில் எழுதுங்கள். படகை வேறு துறைக்கு நகர்த்தவோ விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் உங்கள் நியாயமெல்லாம் அன்றோடு போய்விடும்.

பெரியபட்டினம் தோப்பு

இதை ஒட்டியே ஒரு சந்தேகம் கேட்கிறேன். எங்கள் தென்னந்தோப்புக்குப் போட்ட கிரைய ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது. வாங்குபவர் இரண்டு மாதம் அவகாசம் கேட்டார், விலையில் 50,000 ரூபாய் குறைக்கவும் சொன்னார், நாங்கள் வாய்மொழியாகச் சரி என்றோம். மேலே சொன்ன விலக்கு எங்களுக்கும் பொருந்துமா?

ராமநாதபுரம் வழக்கறிஞர்

பொருந்தாது ஐயா. நிலத்துக்கும் படகுக்கும் உள்ள பெரிய வேறுபாடே இதுதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்த பத்திரத்தின் ஷரத்தைப் பிந்திய வாய்ப்பேச்சு மாற்றியதாக நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் இடம் தராது. 2000-இல் சக்திவேல் எதிர் வேணுகோபால் பிள்ளை வழக்கில், பதிவான செட்டில்மெண்ட் பத்திரம் ஒன்றை வாய்மொழி ஏற்பாடு மாற்றியதாகச் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விலைக்குறைப்பை இரு தரப்பும் உண்மையிலேயே ஒப்புக்கொண்டிருந்தால், திருத்த ஒப்பந்தம் ஒன்றை எழுதி அதையும் பதிவு செய்துவிடுங்கள். இன்னும் தகராறு வராத நிலையில் அந்தச் செலவு பெரிதல்ல. பதிவாகாத நில ஒப்பந்தத்தை வைத்து, கிரையம் எழுதித் தரக் கோரும் வழக்கில் அதைச் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-இல் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். உங்களுடையது பதிவானது என்பதால் அந்தத் தீர்ப்பு உங்கள் சந்தேகத்துக்கு விடையாகாது.

தங்கச்சிமடம் மூத்தவர்

தம்பி, நான் விசைப்படகுச் சங்கத்தில் பல காலம் பஞ்சாயத்துப் பேசியவன். வழக்கறிஞர் ஐயா சொன்னதற்கு மேல் சட்டம் எனக்குத் தெரியாது. ஒன்றரை லட்சத்துக்காக இருவரும் ஆண்டுக்கணக்கில் ராமநாதபுரத்துக்கு அலையப் போகிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 14 லட்சம் வாங்கிய மனிதர் மீதியை வாங்கிக்கொண்டு பெயர் மாற்றிக் கொடுப்பதுதான் நியாயம், அதை அவரிடம் நேரில் சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் இருவருக்கும் பொதுவான ஏலக்காரர் ஒருவர் இருந்தால் அவரை முன்வைத்துப் பேசுங்கள். மெக்கானிக்கும் அங்கே இருக்கட்டும், விற்றவர் முகத்துக்கு நேரே அவர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் மறுபடியும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். சங்கத்தில் பேசி முடித்து, வழக்கை வாபஸ் வாங்குவார் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்து, பிறகு அவர் வாய்தாவுக்கு வந்து நின்ற கதை எங்கள் பகுதியிலேயே நடந்திருக்கிறது.

ராமநாதபுரம் வழக்கறிஞர்

பெரியவர் சொன்னதை முழு மனதோடு வழிமொழிகிறேன். சமரசம் ஏற்பட்டால் அதை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 23 விதி 3-இன்படி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து தீர்ப்பாணையாகப் பெறுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) அனுப்பக் கேட்டால் இன்னும் நல்லது. அங்கே முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, வாதி கட்டிய நீதிமன்றக் கட்டணமும் அவருக்குத் திரும்பும். அந்தப் பணம் திரும்பும் என்பதே சில சமயம் விற்றவரை மேசைக்கு அழைத்து வருகிறது. சமரசப் பத்திரத்தில் பணம் தரும் நாளையும், பெயர் மாற்றத்துக்கு அவர் துறை அலுவலகத்தில் கையெழுத்திடும் நாளையும் ஒன்றாகவே வையுங்கள்.

பாம்பன் தென்கடல்

வழக்கறிஞர் ஐயாவுக்கும் பெரியவருக்கும் நன்றி. மண்டபத்து அண்ணன் சொன்னதும் எனக்கு உறைத்தது, கழிவையும் தவணையையும் நான் இதுவரை ஒன்றாகவேதான் பேசிவந்தேன். மெக்கானிக்கின் பில்லை எடுத்துப் பார்த்தேன், தேதியும் படகு எண்ணும் இருக்கின்றன, ஆனால் தொகையில் பாதி யாருடையது என்று எதுவும் எழுதவில்லை. சங்கத்தில் பேச அடுத்த வாரம் நாள் கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று. குரல் பதிவு வந்த பழைய கைபேசியின் திரை உடைந்துவிட்டது, அதை வீட்டில் வைத்துவிட்டுப் புதியது வாங்கினேன். பதிவைப் புதிய கைபேசிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். இது போதுமா?

ராமநாதபுரம் வழக்கறிஞர்

போதாது. பழைய கைபேசியை யாரிடமும் விற்கவோ, அழித்து மறுபடி அமைக்கவோ கொடுக்க வேண்டாம். முதலில் பதிவு வந்து சேர்ந்த கருவி அதுதான், அதையே நீதிமன்றத்தில் காட்ட முடிந்தால் உங்கள் வேலை எளிதாகும். நகலை மட்டும் கொடுப்பதானால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கருவியைக் காட்டாத இடத்தில் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புதிய சட்டத்தின் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு, ஒன்றில் நீங்களும் மற்றதில் வல்லுநர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். திரையை மாற்றினால் கைபேசி இயங்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், உள்ளே இருப்பதைத் தொடாமல் திரையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், அதற்கான ரசீதையும் வாங்கி வையுங்கள். அந்த உரையாடலில் அவர் குரல் பதிவுக்கு முன்னும் பின்னும் உள்ள செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம், உங்களுக்குப் பாதகமானவை இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.